சார்லட் ஃபோர்டனின் கோபத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களுக்குச் சென்று, அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்களுக்கு எழுத்தறிவித்த ஆசிரியைகளைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையை நன்றியுடன் படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத வரலாறு அது. ஆனால் அதில் சார்லட் ஃபோர்டனுக்கு ஒதுக்கப்பட்ட ஒரே பத்தி அவரைப் பொறுமையே உருவான பக்தையாக மட்டும் காட்டிவிட்டது. அவருடைய நாட்குறிப்பைப் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்து வருபவள் என்ற முறையில், அந்தச் சித்திரத்தில் பாதி ஆள்தான் இருக்கிறார் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஃபிலடெல்ஃபியாவில் கப்பல் பாய் தைக்கும் தொழிலில் செல்வம் சேர்த்த கறுப்பினத் தலைவர் ஜேம்ஸ் ஃபோர்டனின் பேத்தி அவர், 1837-இல் பிறந்தவர். கறுப்பினக் குழந்தைகளை ஒதுக்கிவைத்த அந்நகரப் பள்ளிகளில் மகளைச் சேர்க்க மனமில்லாத தந்தை, அவரை மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகருக்கு அனுப்பினார். அங்கே 1854 மே 24 அன்று, பதினாறாம் வயதில், நாட்குறிப்பைத் தொடங்கினார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்திருந்த அந்தோணி பர்ன்ஸ் பாஸ்டன் நகரில் பிடிபட்டதும் அதே நாளில்தான். அடுத்த சில நாள்களின் பக்கங்கள் முழுவதும் அந்த மனிதருக்கு என்ன ஆகுமோ என்ற தவிப்பே நிறைந்திருக்கிறது.

அந்தப் பக்கங்களிலேயே அவருடைய பக்தி எத்தகையது என்பது தெரிந்துவிடுகிறது. தம்மிடம் அன்பு காட்டிய ஆசிரியையுடன் அடிமை முறை பற்றி உரையாடியதை எழுதும்போது, திருச்சபைகளும் போதகர்களும் பெரும்பாலும் அந்தக் கொடுமைக்குத் துணை நிற்பவர்களே என்று தாம் உறுதியாக நம்புவதாகவும், ஆசிரியை அதை ஏற்கவில்லை என்றும் குறித்துவைக்கிறார். பர்ன்ஸ் மீண்டும் தென்திசைக்குக் கொண்டுபோகப்பட்ட பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமையில், இன்று எத்தனை போதகர்கள் அவர் பெயரைச் சொல்லப் போகிறார்கள் என்று கேட்கிறார். அதே கோடைக்காலத்தில் எழுதிய இன்னொரு குறிப்புதான் இந்த நாட்குறிப்பின் உயிர்நிலை என்பேன். ஒடுக்குமுறையின்மீதுள்ள வெறுப்பும் ஒடுக்குபவர்மீதுள்ள வெறுப்பும் தமக்குள் பிரிக்க முடியாதபடி கலந்துகிடக்கின்றன என்று ஒப்புக்கொள்ளும் அவர், எந்தக் குற்றமும் செய்யாத தம் இனத்தார் இவ்வளவு துன்புறும்போது தாம் எப்படி ஒரு கிறிஸ்தவளாக இருக்க முடியும் என்று வினவுகிறார். ஆனாலும் நன்மையே உருவான இறைவனைப்போல் ஆக வேண்டும் என்ற ஏக்கம் தம்மை விடவில்லை என்றும் அடுத்த வரியிலேயே எழுதுகிறார். விடை கிடைத்ததாகப் பாவனை செய்யாத இந்த நேர்மைக்கு ஈடாக எத்தனை சமயப் பிரசங்கங்களை வைத்தாலும் தகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

1855 செப்டம்பரில் எழுதியது இன்னும் கசப்பானது. வகுப்பறையில் இனிமையாகப் பழகும் வெள்ளையினத் தோழியர் தெருவில் எதிர்ப்பட்டால் தம்மை அறிந்தவர்போல் காட்டிக்கொள்ளவே அஞ்சுகிறார்கள் என்று எழுதும் அவர், கறுப்பினத்தார் ஒவ்வொருவரும் மனித குலத்தையே வெறுப்பவராக மாறாமலிருப்பதுதான் வியப்பு என்கிறார். எதுவரைக்கும் பொறுப்பது என்று விவிலியத்தின் சங்கீதப் பாடல்களில் ஒலிக்கும் கேள்வி அவரிடமிருந்தும் எழுகிறது. மனம் தளர்வது தவறு, உழைத்துக் கல்வி பெற வேண்டும் என்று மனச்சாட்சி பதில் சொல்கிறது.

அந்தப் பதிலின்படியே அவர் நடந்தார். சேலத்துப் பொதுப்பள்ளியில் பணியாற்றிய முதல் கறுப்பின ஆசிரியை ஆனார். 1862 அக்டோபரில் கப்பலேறி, தென் கரோலினாவின் செயின்ட் ஹெலெனா தீவுக்குச் சென்றார். பருத்தித் தோட்ட முதலாளிகள் முந்தைய ஆண்டு நவம்பரில் வடக்கின் கடற்படைக்கு அஞ்சி ஓடிவிட்ட தீவு அது. அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதை 1834-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்த மாநிலத்தில், அந்த அடிமைகளே கட்டிய செங்கல் தேவாலயத்துக்குள் பள்ளி நடந்தது. முதல் நாள் வகுப்பு அவ்வளவு இன்பமாக இல்லை என்பதை உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன் என்று நாட்குறிப்பை நண்பனாக விளித்து எழுதுகிறார். பெரிய பிள்ளைகளிடம் பாடம் கேட்கும்போது, அகரவரிசைக்கே வயது வராத குழந்தைகளை அமைதியாக வைத்திருக்க முடியவில்லையாம். சில நாள்களிலேயே ஹைத்தியின் விடுதலைத் தலைவர் துசேன் லூவெர்த்தூரைப் பற்றி அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தங்கள் நிறத்தவர் ஒருவரால் என்ன செய்ய முடிந்தது என்பதை அவர்கள் அறிய வேண்டும் என்று காரணமும் எழுதுகிறார். 1863 ஜூலையில் வாக்னர் கோட்டைத் தாக்குதலில் கறுப்பினப் படையின் தளபதி ராபர்ட் கூல்ட் ஷா மாண்ட செய்தி வந்தபோது, சில நாள்களுக்கு முன்தான் அவரைச் சந்தித்திருந்த இவருக்கு எழுதவே கை வரவில்லை. பிறகு காயம்பட்ட வீரர்களுக்குப் பணிவிடை செய்யச் சென்றார்.

அவரை அப்பழுக்கற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. தீவு மக்கள் வட்டமாகச் சுற்றிவந்து பாடியாடும் வழிபாட்டை, 1864-இல் அட்லாண்டிக் மாத இதழில் வெளியான தம் கட்டுரையில், நாகரிகமற்றது என்றும் கிறிஸ்தவப் போதனையால் மறையப்போவது என்றும் அவர் எழுதினார். வடக்கின் கல்வி தந்த பார்வை அது. அதே மக்களின் பாடல்களில் அவர் உருகியதற்கும் நாட்குறிப்பே சாட்சி.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதால் ஒரு வேண்டுகோள். ரே ஆலன் பில்லிங்டன் 1953-இல் வெளியிட்ட பதிப்பில் பல குறிப்புகள் விடுபட்டிருக்கின்றன. பிரெண்டா ஸ்டீவன்சன் 1988-இல் கொண்டுவந்த பதிப்பில்தான் ஐந்து ஏடுகளும் உள்ளன. அவற்றுள் கடைசி ஏடு, பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஃபிரான்சிஸ் கிரிம்கேயை 1878-இல் மணந்து, 1880-இல் பிறந்த ஒரே மகளைச் சில மாதங்களிலேயே பறிகொடுத்த பின் அவர் எழுதியது. இளமையின் கேள்விகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய ஏடு அது. அருள்கூர்ந்து கட்டுரையாளர் அந்த முழுப் பதிப்பையே அடிப்படையாகக் கொள்ள வேண்டும். 1854, 1855-ஆம் ஆண்டுக் குறிப்புகளில் சிலவற்றையாவது மொழிபெயர்த்து வெளியிட வேண்டும்.

தங்கள் நெடுநாள் வாசகி,
நாகர்கோவில்.