சர்தினியா போகிற நம்மவர்களுக்கு: மணலை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்

வணக்கம்.

விடுமுறைக்கு இத்தாலியின் சர்தினியா தீவுக்கு டிக்கெட் போட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், ஏற்கெனவே போய் வந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கடற்கரைகளின் மணலை ஒரு பிடிகூட எடுத்து வராதீர்கள்.

போன செப்டம்பரில், தீவின் மேற்குக் கரையில் கப்ராஸ் ஊருக்குப் பக்கத்திலுள்ள இஸ் அருத்தாஸ் கடற்கரைக்குப் போயிருந்தோம். அங்கே கிடப்பது நாம் பார்த்துப் பழகிய மணல் இல்லை. அரிசி அளவில் வழுவழுவென்று உருண்ட குவார்ட்ஸ் மணிகள், வெள்ளை, இளஞ்சிவப்பு, அங்கங்கே லேசான பச்சை. ஈரத்தோடு அள்ளினால் உலையில் போடக் களைந்து வைத்த அரிசி மாதிரியே கையில் நிற்கும். என் மகள் ஒரு சின்ன டப்பாவில் நிரப்பிக்கொண்டாள், நானும் தடுக்கவில்லை. போன இடத்திலிருந்து ஒரு பிடி மண், ராமேஸ்வரத்திலிருந்து சங்கு, காசியிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் என்று வளர்ந்தவர்கள்தானே நாம், அது தப்பாகவே தோன்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் எழுந்து வந்தார். கோபப்படவில்லை. டப்பாவைக் காட்டி வேண்டாம் என்று தலையாட்டினார், அப்புறம் தன் துண்டை உதறி, செருப்பைத் தட்டி, கால் விரலிடுக்கில் ஒட்டியிருந்த இரண்டு மூன்று மணிகளைக்கூட எடுத்துக் கீழே போட்டுக் காட்டினார். மகள் டப்பாவைக் கவிழ்த்துவிட்டாள்.

ஒரு டப்பாவில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். கருங்கல் பாறை உடைந்து, அலையில் உருண்டு உருண்டு அந்த மணி உருவாக ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகின்றன. கோடையில் வருகிற கூட்டத்தில் ஆளுக்கு ஒரு டப்பா என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். வடக்கே புதெல்லி என்ற குட்டித் தீவில் இளஞ்சிவப்பு மணல் கடற்கரை ஒன்று இருக்கிறது. கடலுக்கடியில் வாழும் மிக நுண்ணிய உயிர்களின் ஓடுகள் நொறுங்கிக் கலந்ததால் வந்த நிறம் அது. ஆட்கள் அள்ளிக்கொண்டே போனதால் 1990களில் அதை மூடினார்கள், இன்றைக்கும் யாரும் கால் வைக்க முடியாது, தள்ளி நின்று பார்க்கலாம், அவ்வளவுதான்.

சட்டமும் இருக்கிறது. 2017இல் வந்த தீவின் சட்டப்படி, மணல், கூழாங்கல், சிப்பி எதை எடுத்தாலும் 500 முதல் 3000 யூரோ வரை அபராதம். 2019இல் ஒரு பிரெஞ்சுத் தம்பதியின் காரில், தெற்கே கியா கடற்கரையில் எடுத்த மணல் 14 பாட்டில்களில் 40 கிலோ பிடிபட்டது. நினைவுக்காகத்தான் எடுத்தோம், குற்றம் என்று தெரியாது என்றார்கள். ஆனாலும் திருட்டு வழக்குதான் பாய்ந்தது. விமான நிலைய ஸ்கேனரிலும் மணல் பாட்டில்கள் தொடர்ந்து சிக்குகின்றன. அபராதத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை, அந்த அம்மா கால் விரலைத் தட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

இஸ் அருத்தாஸ் போகிறவர்கள் கொஞ்ச தூரத்தில் இருக்கும் தாரோஸையும் பார்த்துவிடுங்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் பினீசியர்கள் என்ற பழங்காலக் கடல் வணிகர்கள் அமைத்த துறைமுக நகரம், பிறகு வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் கைக்கும், பிறகு ரோம் கைக்கும் போனது. கடலைப் பார்த்து நிற்கும் இரண்டு தூண்கள், கல் பாவிய தெரு, குளியல் கூடங்களின் அடித்தளம், சாயங்கால வெயிலில் பார்க்க மனசு நிறையும். ஆனால் ஒரு முழு நகரத்துக்கு மிச்சம் ரொம்பக் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். மக்கள் ஊரைக் கைவிட்டுப் பக்கத்து நகரமான ஒரிஸ்தானோவுக்குக் குடிபோனபோது கல்லையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தாரோஸின் கல்லை வண்டி வண்டியாகக் கொண்டுபோகிறார்கள் என்று அங்கே ஒரு பழஞ்சொல்லே உண்டு. அவர்களாவது வீடு கட்டினார்கள். நாம் ஷோகேஸில் வைக்கவா அள்ளுவது?

அதனால் கிளம்பும் முன் துண்டை உதறுங்கள், பிள்ளைகளின் வாளி, ஷூ, பாக்கெட் எல்லாவற்றையும் கடற்கரையிலேயே கவிழ்த்துப் பாருங்கள். ஏற்கெனவே எடுத்து வந்து வீட்டில் வைத்திருந்தால் அந்த ஊர் நகராட்சிக்குத் தபாலில் அனுப்பிவிடுங்கள், பல வருடம் கழித்து அப்படித் திருப்பி அனுப்பியவர்கள் நிறையப் பேர். எந்தக் கடற்கரையில் எடுத்தது என்று மட்டும் மறக்காமல் எழுதி வையுங்கள். இஸ் அருத்தாஸ் மணியைக் கொண்டுபோய்க் கியாவில் கொட்ட முடியாது.