மாரியப்பனிடம் சொல்லாதே

கோவில்பட்டி
ஞாயிறு காலை

அன்புள்ள சண்முகம்,

இங்கே நலம். நீயும் மதினியும் பேரப்பிள்ளைகளும் சுகம்தானே. சம்பிரதாயம் இத்தோடு முடிந்தது, இனி நீ என்னைத் திட்டலாம்.

புரட்டாசியில் நீ போன் செய்தாயே, பெரியண்ணனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று சொல்ல. அதற்கு நான் "ரொம்ப சந்தோஷம், எல்லாரையும் கூட்டிக்கொண்டு வா" என்றேனாம். நீ பேசாமல் வைத்துவிட்டாய். நாலு நாள் கழித்து மாரியப்பன் வீட்டு வாசலில் நின்றபடியே, "ஏலே, நீ மனுசன்தானா?" என்று கேட்டபோதுதான் விஷயமே தெரிந்தது. அன்று என் காதில் விழுந்தது "பெரியண்ணன்", "வந்து", "சேர்த்து" இவ்வளவுதான். மிச்சத்தை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன். ஒரு வருஷமாக அப்படித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. அதற்கப்புறம் நீ இரண்டு தடவை கூப்பிட்டும் நான் எடுக்காதது பயத்தால். இன்னொரு தடவை எதற்காவது சந்தோஷம் என்று சொல்லித் தொலைத்துவிட்டால்?

அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நடக்கிறாரா? அவருக்குத் தனியாக ஒரு கார்டு போட்டிருக்கிறேன். நீயும் என்னை மன்னித்துவிடு. இதைப் போனில் சொல்ல முடியாதென்றுதான் பேனாவை எடுத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். காது போய்விட்டது. முழுசாக இல்லை, மேல்மாடி மட்டும்.

திருநெல்வேலியில் ஓர் இடத்தில் பரிசோதித்தார்கள். பழைய எஸ்.டி.டி. பூத் அளவு ஓர் அறை, சுவரெல்லாம் பஞ்சு. தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்துங்கள் என்றது அந்தப் பெண். முதலில் "பூம்" என்று வந்தது, அழுத்தினேன். "கூ" என்று வந்தது, அழுத்தினேன். அப்புறம் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் கை மட்டும் ஏதோ திருகிக்கொண்டே இருந்தது. மானம் போகிறதே என்று சும்மா ஒரு தடவை அழுத்தி வைத்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்து, "ஐயா, நான் இன்னும் சத்தமே போடலையே" என்றது. எட்டாம் வகுப்பில் நீயும் நானும் பிட் அடித்து மாட்டினோமே, அதே முகம்தான் அப்போது எனக்கு.

கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுத்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இடப்பக்கத்திலிருந்து ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை இரண்டும் சமதரையாகப் போகின்றன. அதைத் தாண்டியதும் குற்றால அருவி மாதிரி விழுகின்றன. வயதாகும்போது உள்காதில் உள்ள மயிரிழை அணுக்கள் அழியுமாம், அதிலும் உச்ச ஓசைகளை வாங்குபவைதான் முதலில் போகுமாம். உயிரெழுத்து நிற்கும், ச, ஸ, ஷ எல்லாம் உதிர்ந்துவிடும். "ஆள் பேசுறது கேக்கும், என்ன பேசுறாருன்னு தெரியாது, அப்படித்தானே ஐயா?" என்று கேட்டது. ஒரு வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அது.

நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? மருந்து உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. "அப்போ பாட்டு?" என்றேன்.

"சுருதி கேக்கும் ஐயா. ஆனா ஒரே சுருதியில ரெண்டு பேர் பாடினா, இது இன்னார் குரல்னு காட்டிக்கொடுக்கிறது மேலே அடுக்கடுக்கா வர்ற சன்னமான ஓசைங்கதான். அதுல கொஞ்சம் குறைஞ்சிருக்கும்" என்றது.

சண்முகம், எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஐம்பது வருஷம் அண்ணாச்சி டீக்கடை பெஞ்சில் நீயும் நானும் போட்ட சண்டை முழுவதும் அந்தச் "சன்னமான" சமாச்சாரத்தைப் பற்றித்தானே? இலங்கை வானொலியில் பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேர் சொல்வதற்குள் யார் குரல் என்று சொல்லிவிடுவதில் நமக்கு எவ்வளவு திமிர்! ஒரு வடைக்குப் பந்தயம் கட்டி, பல்லவி எடுப்பதற்குள் நான் "சுசீலா" என்பேன். இப்போது என்னிடம் பந்தயம் கட்டினால் நீ வடைக்கடையே வைக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும், காது மெஷின் வாங்குவதற்கு முன்பே, நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, பேரனுடைய சின்ன ஸ்பீக்கரைக் காதோடு ஒட்டி, "மாலைப் பொழுதின் மயக்கத்திலே" போட்டேன். பாக்கியலட்சுமி, 1961. எனக்கு வேதம். அதில் ஒவ்வொரு சொல்லும் தண்ணீரில் கழுவி வைத்த மாதிரி இருக்கும் என்று உன்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன். விஜயநகரத்துத் தெலுங்குப் பெண் தமிழை நம்மைவிட நன்றாக உச்சரிக்கிறது, உன் ஜானகியால் முடியுமா என்று. அந்தப் பாட்டைக் கேட்டேன். மெட்டு வந்தது. சோகம்கூட வந்தது. சொல் வரவில்லை. கண்ணதாசனுடைய வரி மனப்பாடமாக இருப்பதால் நானேதான் உள்ளே பாடிக்கொண்டேன். "தமிழுக்கும் அமுதென்று பேர்" போட்டுப் பார்த்தேன். அதில் "ழு" மட்டும் குத்துக்கல் மாதிரி அப்படியே நிற்கிறது. மற்றதெல்லாம் கம்பளிக்குள் வைத்த மாதிரி.

அந்தக் கோபத்தில்தான், சும்மா ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று, "சிங்காரவேலனே தேவா" போட்டேன். உன் கட்சிப் பாட்டு. கொஞ்சும் சலங்கை, 1962.

உனக்குத் தெரியும், அந்தப் பாட்டை நான் எப்போதும் காருகுறிச்சியாரின் நாதஸ்வரத்துக்காக மட்டும்தான் கேட்பேன். நம் ஊரில் வாழ்ந்த மனுசன். அவர் வாசித்த ஒரு கல்யாணத்தில் பந்திக்கே போகாமல் வாசலில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து பழையது சாப்பிட்டவர் என் அப்பா. ஜானகி அதில் கூடவே ஓடுகிறார், அவ்வளவுதான் என்று உன்னிடம் வாதாடியிருக்கிறேன். அன்று ராத்திரி என் காதில் சொல்லும் இல்லை, குரலின் பளபளப்பும் இல்லை. மிஞ்சியது சுரத்தின் நடமாட்டம் மட்டும்தான். ஆபேரி ராகத்தில் அவர் ஒரு பிடி வாசிக்கிறார். ஜானகி அதை அப்படியே திருப்பிக் கொடுக்கிறார். நாதஸ்வரச் சீவாளி எந்த இடத்தில் வளைகிறதோ அந்த இடத்தில் தொண்டையும் வளைகிறது. கடைசியில் சுரமாகவே மாறி மாறி வருமே, அங்கே ஓரிடத்தில் வாசிப்பது எது, பாட்டு எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. என் காதின் குறைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோயில் வீதிக்காகவே செய்த, ஊரையே எழுப்புகிற ஒரு வாத்தியத்தோடு ஒரு மனுசத் தொண்டை இவ்வளவு கிட்டத்தில் நிற்கிறதா என்று ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அதைப் பாடியபோது ஜானகிக்கு வயது இருபத்துநாலுக்குள்தான் இருக்கும்.

உடனே துள்ளாதே. உட்கார். இந்த ஒரு பாட்டுக்குத்தான் இந்த ஒப்புதல். நான் கட்சி மாறவில்லை.

17,695 பாட்டு என்று 2016-இல் சுசீலா கின்னஸில் ஏறியதைச் சொன்னபோது "ரேஷன் கடையில் மூட்டை எண்ணுகிற மாதிரி எண்ணாதே" என்றாயே, அதை நான் மறக்கவில்லை. சரி, எண்ணிக்கை வேண்டாம். பெண் பாடகிக்கென்று தேசிய விருது வைத்தபோது முதலில் வாங்கியது யார்? உயர்ந்த மனிதனில் "பால் போலவே". அதற்கு உன் பதில், 2013-இல் ஜானகி பத்மபூஷண் வேண்டாம் என்றதும் தெருவுக்கே கடலைமிட்டாய் கொடுத்தது. விருது வாங்கியதற்கு மிட்டாய் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்காததற்குக் கொடுத்தவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான். அந்த "டாடி டாடி" பாட்டில் ஜானகி குழந்தைக் குரலில் பாடியதை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதைத் திறமை என்பாய். எனக்கு அது மிமிக்ரி.

மெஷின் கதையைக் கேள். விலையைச் சொன்னால் உனக்கும் காது அடைத்துவிடும். என் கல்யாணச் செலவைவிட அதிகம். போட்ட முதல் நாள் மதினி கீரை ஆய்வது இடி மாதிரி கேட்டது (உன் மதினி, என் வீட்டுக்காரி). பேச்சு தெளிந்தது. பேரன் "தாத்தா" என்று சொல்வதில் இரண்டு "த" இருப்பது தெரிந்தது. ஆனால் பாட்டு? இந்த மெஷினைப் பேச்சுக்காகச் செய்திருக்கிறார்கள். தானே "கீ" என்று கத்தாமல் இருக்க, நீளமாக ஒரே ஓசை வந்தால் அமுக்கிவிடுகிற ஏற்பாடு உள்ளே இருக்கிறது. காருகுறிச்சியார் நீளமாக ஒரு சுரத்தில் நின்றதும், இது தன்னுடைய கத்தல் என்று நினைத்துக்கொண்டு மெஷின் அவரை அமுக்கப் பார்க்கிறது! சுரம் நடுங்குகிறது, குழைகிறது, தண்ணீருக்குள் போகிறது. ராஜரத்தினம் பிள்ளையின் சிஷ்யரை அடக்க மூவாயிரம் ரசிகர்களால் முடியாதது, என் காதுக்குப் பின்னால் புளியங்கொட்டை அளவில் உட்கார்ந்திருக்கிற ஒன்றால் முடிகிறது. திரும்பப் போய்ச் சண்டை போட்டேன். பாட்டுக்கென்று தனியாக ஓர் அமைப்பு உண்டாம், போட்டுக் கொடுத்தார்கள். இப்போது பரவாயில்லை. சுசீலா திரும்பி வந்திருக்கிறார், கொஞ்சம் தகர டப்பா வழியாக.

இதையெல்லாம் யோசிக்கும்போது அம்மா ஞாபகம் வருகிறது. அவளுக்கு நம் சண்டையே சிரிப்பு. கே.பி. சுந்தராம்பாளைக் கேட்டவளுக்கு இவர்களெல்லாம் குழந்தைகள். மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், அதுதான் குரல் என்பாள். அப்பாவோ செங்கோட்டைப் பக்கத்து ஆள், நாடகப் பாடகர் கிட்டப்பாவை விட்டு இறங்கமாட்டார். 1933-இல் இருபத்தேழு வயதில் போன மனிதருக்காக அவர் சாகும்வரை வாதாடினார். இருவரும் அதைப் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும். அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் காது மந்தம். இசைத்தட்டு ஓடும்போது அந்தப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருப்பார். ஏன் என்று நான் கேட்டதே இல்லை. சத்தமாகப் பேசி அவரை எரிச்சல்படுத்தியதுதான் மிச்சம்.

2020 செப்டம்பர் 25 மத்தியானம் நீ போன் செய்தது ஞாபகம் இருக்கிறதா? எஸ்.பி.பி. போன அன்றைக்கு. இரண்டு நிமிஷம் நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை, வைத்துவிட்டோம். அந்தப் போனில் எனக்கு எல்லாமே கேட்டது. அதனால்தான் புரட்டாசிப் போனை நினைத்தால் கூசுகிறது.

பொங்கலுக்கு வருவாய்தானே? வரும்போது 83-இல் என்னிடமிருந்து எடுத்துப்போன சுசீலா கேசட்டைக் கொண்டு வா. இல்லை என்று பொய் சொல்லாதே, மதினி உன்னைக் காட்டிக்கொடுத்தாயிற்று. டேப் ரெக்கார்டரைப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன். போனில் பேசுவதானால் கத்தாதே, நிறுத்தி நிறுத்திப் பேசு. கத்தினால் மெஷின் உன்னையும் அமுக்கிவிடும்.

இன்னொன்று. மெஷினைக் கழற்றிய காதில், சொல்லோடும் குரலோடும் அநேகமாக முழுசாகக் கேட்கிற ஒரே ஆள் டி.எம்.எஸ். அந்தக் கட்டைக் குரல் என் அருவிக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறது. இதை மட்டும் மாரியப்பனிடம் சொல்லாதே. "காது போனாலும் நிக்கிற குரல்டா" என்று ஊர் முழுக்கத் தட்டி வைத்துவிடுவான்.

அன்புடன்,
வேலு