உயிர்தகவலியல் பயிற்சி: உறுப்பினர்களின் கவனத்திற்கு

குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். மண்டபம், பாம்பன், கீழக்கரை கரைகளில் மாதிரி சேகரித்து, டிஎன்ஏ வரிசையை வெளி ஆய்வகத்திலிருந்து பெற்ற பின், அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கோப்பைத் திறக்காமலே வைத்திருப்பவர்கள் நம்மில் பலர் இருப்பதால், வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு டிஎன்ஏ போன்ற உயிரியல் தரவுகளைக் கணினியில் ஆராயும் உயிர்தகவலியலில் இணையவழிப் பயிற்சி நடத்த உள்ளோம்.

மீன்களை இனங்காண உதவும் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவின் ஏறத்தாழ 650 காரங்கள் (டிஎன்ஏ எழுத்துகள்) கொண்ட பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நம் வரிசையை ஒத்த வரிசைகளைத் தரவுத்தளத்தில் கண்டறியும் பிளாஸ்ட் தேடலில் முதலில் வரும் பெயரை அப்படியே ஆய்வேட்டில் எழுதிவிடும் பழக்கம் எனக்குக் கவலையளிக்கிறது. ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் தவறான இனப்பெயரோடு பதிவான வரிசைகளும் உண்டு என்பதால், பல பதிவுகளோடு ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். அதற்கும் முன்னர், இரு முனைகளிலும் தெளிவற்ற பகுதியை வெட்டி, வரிசையைப் புரதமாக மொழிபெயர்த்து, இடையில் நிறுத்தக் குறியன் (புரதம் அங்கே முடிகிறது என்று காட்டும் மூன்றெழுத்துக் குறி) வருகிறதா என்று பார்ப்பது அவசியம்; வந்தால் வரிசை பழுதானதாக இருக்கலாம். எந்த மூன்றெழுத்துக் குறிக்கு என்ன பொருள் என்று காட்டும் மரபுக்குறியீட்டு அட்டவணைகளில், மீன்களுக்கு அமெரிக்க உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையமான என்சிபிஐ தரும் 2ஆம் அட்டவணையும், சங்கு, நண்டு போன்றவற்றுக்கு 5ஆம் அட்டவணையும் பொருந்தும். சங்கின் வரிசையை 2ஆம் அட்டவணையில் படித்தால் ஏஜிஏ என்ற மூன்றெழுத்து நிறுத்தக் குறியனாகி, நல்ல வரிசையும் பழுதானதாகத் தோன்றும்.

தொடர்ந்து கற்க விரும்புவோருக்கு ஐரோப்பிய உயிர்தகவலியல் நிறுவனத்தின் இலவச இணையப் பாடங்கள் உள்ளன. கேலக்ஸி என்ற தரவுப் பகுப்பாய்வுத் தளம் உலாவியிலேயே இயங்குவதால் விலையுயர்ந்த கணினி தேவைப்படாது.

சொந்த வரிசைக் கோப்பு உள்ளவர்கள் அதையே பயன்படுத்தலாம். இல்லாதவர்கள் வியாழக்கிழமைக்குள் இங்கே தெரிவித்தால் மாதிரிக் கோப்பு அனுப்பப்படும்.