மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் இருபத்தொரு பெற்றோருக்கும் வணக்கம். உறுப்பினர் பட்டியலில் நாம் 64 பேர்.

செயற்குழு ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை நானும் பொருளாளரும் மட்டும் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்; அதையும் சேர்த்துத்தான் ஆறு. டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள் விழா நன்றாக நடந்தது. மதியச் சாப்பாடு போட்டதால் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஜனவரியில் பிள்ளைகளைத் திருச்செந்தூர் கடற்கரைக்குக் கூட்டிப் போய் வந்தோம். நம் பிள்ளைகளுக்கான அரசின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைப்பது. மார்ச் முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும் என்று மூன்று முறை தகவல் அனுப்பினோம். புதுப்பித்தவர்கள் புதுப்பித்தார்கள்.

இனி, சென்ற ஜூலையில் நாம் வைத்த சமூகப் பணியாளர் பற்றி. எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப் பணியில் முதுகலை, படித்த பெண். வாரத்தில் மூன்று நாள் வேலை, மாதம் ஆறாயிரம் ரூபாய். இந்த யோசனை என்னுடையது என்பதால் பொறுப்பும் என்னுடையதே. நவம்பர் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், "ஃபாரம் எழுதிக் கொடுக்க மாதம் ஆறாயிரமா? ஜெராக்ஸ் கடையில் இருபது ரூபாய்க்கு எழுதித் தருவானே" என்று கேட்டார். அன்று நான் பதில் சொல்லவில்லை. கோபத்தில் இருந்தேன். இன்று சொல்கிறேன்.

நம் உறுப்பினர் ஒருவர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் அம்மா. அவர் சம்மதத்தோடுதான் சொல்கிறேன், பெயர் வேண்டாம். மகனுக்கு 23 வயது, அறிவுசார் குறைபாடு. கணவர் இறந்தபின், மகன் பெயரில் அவர் போட்டு வைத்திருந்த பணத்தை எடுக்கப் போனபோது வங்கியில் முடியாது என்றுவிட்டார்கள். பையன் மேஜர், அவனால் கையெழுத்துப் போட முடியாது, பெற்ற தாய் போட்டால் செல்லாது. 18 வயதோடு நம் காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது என்பது இங்கே பாதிப் பேருக்கு இன்னும் தெரியாது. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துச் சட்டப்படியான காப்பாளர் சான்று வாங்க வேண்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் இந்த வழி உண்டு.

அந்த விண்ணப்பத்தை ஜெராக்ஸ் கடைக்காரர் எழுதியிருப்பார், மறுக்கவில்லை. ஆனால் நம் பணியாளர் முதல் நாள் ஃபாரத்தை எடுக்கவே இல்லை. அந்த வீட்டுத் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா வேலைக்குப் போகும்போது பையனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவது அப்போதுதான் தெரிந்தது. ஏன் பூட்டுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், நடுவில் யார் எட்டிப் பார்ப்பார்கள் என்று கேட்டார். எதிர்வீட்டுப் பாட்டியிடம் பேசி, மதியம் பையனைத் தன் வீட்டில் உட்கார வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தார். பிறகு, "உங்களுக்கு அப்புறம் யார்?" என்ற கேள்வி. சிவகாசியில் கட்டிக்கொடுத்த மூத்த மகள் இருக்கிறாள். மருமகனுக்கோ காப்பாளர் என்றால் கடனெல்லாம் தன் தலையில் விழுமோ என்று பயம். அவரைச் சமாதானப்படுத்த இரண்டு முறை சிவகாசி. இப்போதைக்கு அம்மா பெயரில் விண்ணப்பம், பின்னால் மகள் என்று குடும்பமே பேசி முடித்த பிறகுதான் பேனாவை எடுத்தார். தூத்துக்குடி கலெக்டர் ஆபீசுக்கு நான்கு நடை. பிப்ரவரியில் சான்று வந்தது, வங்கியும் பணம் கொடுத்தது. அடையாள அட்டை இருந்தும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு அந்த வீட்டில் இதுவரை யாரும் எழுதிப் போடவில்லை என்று கண்டுபிடித்ததும் அவர்தான். இப்போது போட்டிருக்கிறோம். சிவகாசி பஸ் டிக்கெட்டைச் சங்கக் கணக்கில் எழுதலாமா என்று கேட்டவருக்கு: எழுதியிருக்கிறேன்.

என் வீட்டுக்கும் வந்தார். என் மகளுக்கு மூளை முடக்குவாதம். பதினொரு வருடமாகச் சங்கத்தில் இருக்கிறேன், சட்டமெல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியிடம், "நீங்கள் கடைசியாக முழு ராத்திரி எப்போது தூங்கினீர்கள்?" என்று கேட்டார். மனைவி யோசித்துக்கொண்டே இருந்தாள். மகளை ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கும் முறை இப்போது எங்கள் இருவருக்கும் மாறி மாறி. இதை அறிக்கையில் எழுத வேண்டுமா என்று தயங்கினேன்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் குறைவு, கடன் இல்லை. அவ்வளவு இங்கே போதும். ஆண்டுச் சந்தா 600 ரூபாய். மாதத்துக்கு ஐம்பது. கட்டியவர்கள் 27 பேர். பணியாளர் சம்பளத்தில் முதல் ஐந்து மாதத்தை ஒரு நன்கொடையாளர் ஏற்றார், பெயர் வேண்டாம் என்றார். அடுத்த இரண்டு மாதம் சந்தாவில் போயிற்று. கடைசி இரண்டு மாதம் எப்படிக் கொடுத்தோம் என்பது பொருளாளருக்குத் தெரியும், நான் விளக்கப் போவதில்லை. சந்தா கட்டாத வீடுகளுக்கும் அவர் போனார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளவும். போக வேண்டாம் என்று சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை.

மண்டபத்தை வாடகையின்றித் தந்தவருக்கும், சேவும் கடலைமிட்டாயும் அனுப்பிய கடைக்காரருக்கும், தணிக்கையாளருக்கும், செயற்குழுவினருக்கும், குறிப்பாக வந்த செயற்குழுவினருக்கும், நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி ஒளிக்காமல் சொல்வதானால், பணியாளருக்குத் திருநெல்வேலியில் இதைவிட மூன்று மடங்கு சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. மே கடைசிவரை காத்திருக்கிறேன் என்றார். நான் கேட்காமலே சொன்னார். 18 வயதைத் தாண்டிய பிள்ளைகள் நம்மில் இன்னும் பதினான்கு வீட்டில் இருக்கிறார்கள், காப்பாளர் சான்று இருப்பது மூன்று வீட்டில். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றுக்கொண்டால் பீரோ சாவியை இன்றே தந்துவிடுகிறேன். ரசீதுப் புத்தகம் வாசல் மேசையில் இருக்கிறது. பக்கத்திலேயே பேனாவும் வைத்திருக்கிறேன்.

செயலாளர்