கரி மட்டும் தங்குகிற படம்

பாளையங்கோட்டை
வைகாசி 3

அன்புள்ள சிதம்பரத்துக்கு,

முழங்காலுக்கு மருமகள் வாங்கிக்கொடுத்த பட்டையைக் கட்டுகிறாயா, இல்லை அலமாரியில் வைத்திருக்கிறாயா? மதினியிடம் கேட்டால் உண்மை தெரிந்துவிடும். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு 88 முடிந்துவிட்டது. காதுதான் கேட்கவில்லையே தவிர, வாய் அப்படியே இருக்கிறது.

போன வாரம் உன் பேரன் போனுக்கு நான் அனுப்பின படத்தைப் பார்த்துவிட்டு, "கொடைக்கானல் போனியாலே, மரமெல்லாம் பனியா இருக்கு"ன்னு கேட்டாய். கொடைக்கானலும் இல்லை, பனியும் இல்லை. நம்ம குறுக்குத்துறை. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற பகல் ஒரு மணிக்கு, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எடுத்தது. போனில் சொன்னால் உனக்கும் பாதி கேட்காது, எனக்கும் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு அந்த ஃபிலிம் ரோல் ஞாபகம் இருக்கிறதா? சிங்கப்பூரிலிருந்து என் சித்தப்பா கொண்டுவந்தது, கோடாக் ஹை ஸ்பீட் இன்ஃப்ராரெட், அகச்சிவப்பு வெளிச்சத்தைப் பிடிக்கிற ஃபிலிம். உன் ஸ்டூடியோவில் ஃபிரிட்ஜ் கிடையாது என்பதால் எங்கள் வீட்டில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஒரு மாதம் குளிரில் கிடந்தது. கடைசியில் நீ என்ன செய்தாய்? நிழலில் நின்று மாட்டினால் போதும் என்று திண்ணையில் உட்கார்ந்து கேமராவைத் திறந்தாய். முப்பத்தாறு படமும் புகை மண்டிப்போய் வந்தது. சும்மா இருந்த உன் டார்க் ரூம் பையனை ரெண்டு பேரும் சேர்ந்து திட்டினோம். தப்பு நம்முடையது. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் டப்பாவின் வெல்வெட் இடுக்கு வழியாகவே உள்ளே போய்விடும், அந்த ஃபிலிமை முழு இருட்டில்தான் மாட்டவேண்டும் என்று எனக்கே இப்போதுதான் தெரியும். தெரிந்து என்ன, 2007-ல் அந்த ஃபிலிமை நிறுத்திவிட்டார்கள்.

இப்போது ஃபிலிம் வேண்டாம். மாப்பிள்ளை ஒதுக்கிப்போட்ட பழைய டிஜிட்டல் கேமராதான். எல்லா டிஜிட்டல் கேமராவுக்கும் இந்த வெளிச்சம் தெரியும். தெரிந்தால் நிறம் கெட்டுப்போகும் என்று உள்ளே ஒரு கண்ணாடியை வைத்துத் தடுத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அலைநீளம் 720 நானோமீட்டருக்குக் கீழே உள்ள வெளிச்சத்தை நிறுத்துகிற கறுப்புக் கண்ணாடியை வைக்கவேண்டும். நம் கண்ணுக்கு 400-லிருந்து 700 வரைதான். அதற்கு அப்பால் இருப்பதுதான் அகச்சிவப்பு. வெளியூரில் ஒருவரிடம் கொடுத்து மாற்றினேன். உள்ளே ரெண்டு தூசியையும் சேர்த்து அனுப்பிவைத்தார். வானத்தில் எப்போதும் ரெண்டு புள்ளி இருக்கும். பருந்து என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

தென்காசியில் இருக்கிற என் மச்சினி, "அத்தான், இதுல காய்ச்சல் தெரியுமா?" என்று கேட்டாள். ஏர்போர்ட்டில் நெற்றிக்கு நேராகக் காட்டினார்களே, அந்தக் கேமரா என்று நினைத்துவிட்டாள். அது வேறு. நம் உடம்புச் சூடு வெளியே வருவது 10,000 நானோமீட்டர் பக்கத்தில். என் கேமராவுக்கு அவ்வளவு தூரம் எட்டாது. வெயிலில் வந்து பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தைத்தான் அது பார்க்கும். அதனால்தான் உச்சிப்பொழுது. காலை ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் மட்டும் கேமராவைத் தூக்கு என்று நீ எனக்குப் பாடம் நடத்தினாயே, அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்தாயிற்று.

இலை ஏன் வெள்ளையாகிறது என்று கேட்பாய். பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் தின்றுவிட்டுப் பச்சையை மட்டும் கொஞ்சம் திருப்பி அனுப்புகிறது. ஆனால் அகச்சிவப்பை அது தொடுவதே இல்லை, கண்ணாடி மாதிரி விட்டுவிடுகிறது. உள்ளே போன வெளிச்சம் இலைக்குள் இருக்கிற ஈரமான செல் சுவருக்கும் காற்று இடைவெளிக்கும் நடுவே முட்டி முட்டி, பெரும்பகுதி வெளியே வந்துவிடும். பஞ்சைப் பார்த்தால் வெள்ளையாகத் தெரிகிறதே, அதே கதை. நீலவானம் இந்த வெளிச்சத்தை அவ்வளவாகச் சிதறடிப்பதில்லை, அதனால் கறுக்கும். தாமிரபரணித் தண்ணீர் இதைக் குடித்துவிடும், அதுவும் கறுக்கும். கறுப்பு ஆறு, கறுப்பு வானம், நடுவில் வெள்ளை மரம். முதல் படத்தைப் பார்த்ததும் நான் கேமராவைக் கீழே போட்டிருப்பேன்.

இதற்கு 'வுட் விளைவு' என்று பெயர். வுட் என்றால் மரம்தானே, மரம் வெள்ளையாவதால் வைத்த பெயர் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் அது ஒரு ஆள். ராபர்ட் வுட், அமெரிக்க இயற்பியல்காரர். 1910-ல் இப்படி எடுத்த நிலக்காட்சிகளை முதன்முதலில் அச்சில் கொண்டுவந்தவர் அவர்தான். அவருக்கு நூற்றுப்பத்து வருஷம் முன்னால், 1800-ல், யுரேனஸைக் கண்ட அதே ஹெர்ஷல் பட்டகத்தில் வெயிலைப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். சிவப்பு முடிந்த இடத்துக்கு அப்பால், ஒன்றுமே இல்லாத இடத்தில் வைத்த தெர்மாமீட்டர்தான் எல்லாவற்றையும்விட ஏறியிருந்தது.

ரெண்டு மாதம் வெறி பிடித்த மாதிரி மரம் மரமாக எடுத்தேன். அப்புறம் சலித்துப்போயிற்று. தேரிக்காட்டுக்குப் போனேன், செம்மணல் வெளுத்துவிட்டது. தேரிக்குச் சிவப்பு போனால் என்ன இருக்கிறது, சொல்லு. எல்லா ஊரும் ஒரே ஊராகிவிடுகிறது. பாபநாசமும் பனி, பத்தமடையும் பனி. பார்க்கிறவர்களும் உன்னை மாதிரி கொடைக்கானலா என்றுதான் கேட்கிறார்கள். இந்தப் பனி மரத்தை ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டுவது, மணப்பெண்ணுக்குப் பின்னால் நீ தொங்கவிட்ட சுவிட்சர்லாந்துப் படுதா மாதிரிதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

இதே வித்தையை வைத்து உருப்படியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். பிஷாரடி என்ற நம் நாட்டு விஞ்ஞானி, 1970 வாக்கில், அகச்சிவப்பு வண்ண ஃபிலிமைக் கொண்டு கேரளத்துத் தென்னைகளை மேலேயிருந்து படம் எடுத்தார். வேர்வாடல் நோய் கண்ட தென்னை அந்தப் படத்தில் நிறம் மாறித் தெரிந்தது. மேலேயிருந்து நிலத்தைப் படித்தறிகிற தொலையுணர்வு நம் நாட்டில் அந்தத் தென்னைகளில்தான் தொடங்கிற்று என்பார்கள். அதே ரக ஃபிலிம், ஒளிந்திருக்கிற ராணுவத்தைக் கண்டுபிடிப்பதற்காகத் தயாரித்தது. அதில் நல்ல இலை எல்லாம் செக்கச்சிவப்பாக, ரோஜா நிறமாக வரும். ரிச்சர்ட் மோஸ் என்ற ஐரிஷ்காரர் அதை எடுத்துக்கொண்டு கிழக்கு காங்கோவுக்குப் போனார். சண்டை நடக்கிற மலை முழுக்க ரோஜா நிறம், நடுவில் துப்பாக்கிக்காரர்கள். 2013-ல் வெனிஸ் கண்காட்சியில் அயர்லாந்து சார்பில் வைத்தார்கள். சாவை அழகாக்கிவிட்டார் என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. எனக்கும் முதல் நாள் அப்படித்தான் இருந்தது. ஆனால் சாம்பல் நிறத்தில் எடுத்த நூறு போர்ப்படங்களை மறந்துவிட்டேன், இதை மறக்கவில்லையே.

நியூயார்க்கில் வீஜி என்று ஒருத்தர், 1940-களில் சினிமா கொட்டகை இருட்டுக்குள் அகச்சிவப்பு ஃபிளாஷ் அடித்துப் படம் எடுத்தார். யாருக்கும் தெரியாது. முத்தம் கொடுக்கிறவர்கள், தூங்குகிறவர்கள், வாயைப் பிளந்து பார்க்கிற பிள்ளைகள். நல்லவேளை அந்தாள் நம் ஊர்த் தியேட்டருக்கு வரவில்லை. வந்திருந்தால் மதினி உன்னைக் கட்டியிருக்கமாட்டாள்.

மரம் சலித்ததும் ஆட்களை எடுக்க ஆரம்பித்தேன். நான் எழுத நினைத்தது இதைத்தான்.

எதிர்வீட்டு டீச்சர் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். நல்ல பிள்ளை, நல்ல கறுப்பு. சும்மா வாசலில் நின்றவளை ஒரு படம் எடுத்தேன். பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். பால் மாதிரி முகம், ஒரு பரு இல்லை, ஒரு கறை இல்லை. "மாமா, இதையே கொடுத்துருவோமா?" என்று அவள் அம்மா கேட்டார். சிதம்பரம், எனக்கு உடனே நீதான் நினைவுக்கு வந்தாய். நெகட்டிவின் எமல்ஷன் பக்கம் மருந்தைத் தடவிவிட்டு, ஊசி மாதிரி சீவின பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பாயே. பிரிண்ட் போடும்போது முகத்துக்கு மட்டும் கையைக் காட்டி வெளிச்சத்தை மறைப்பாயே. எத்தனை பெண்களைச் செவப்பாக்கி அனுப்பியிருப்பாய்! நீ மூணு மணி நேரம் குனிந்து செய்ததை இந்தக் கேமரா ஒரு நொடியில் செய்கிறது. நம் தோலைக் கறுப்பாக்குகிற நிறமி அகச்சிவப்பைப் பெரிதாகத் தடுப்பதில்லை. வெளிச்சம் தோலுக்குள் கொஞ்ச தூரம் போய்ச் சிதறித் திரும்புவதால் மேலே இருக்கிற கறையெல்லாம் மங்கிப்போகும்.

ஆனால் உன் டச்-அப்புக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நீ காசு கொடுத்தவர்களைத்தான் செவப்பாக்கினாய். இது பார்க்கிற எல்லோரையும் ஆக்கிவிடும். டீச்சர் மகளையும், மீன் கொண்டுவருகிற அக்காவையும், ரோஜாப்பூ நிறத்தில் இருக்கிற எங்கள் பேங்க் மேனேஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூணும் ஒரே வெள்ளை. எவர் நிறம் என்ன என்று சொல்ல முடியவில்லை. அந்த மூணு படத்தையும் டீச்சரிடம் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. தன் மகள் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். கொடுத்தாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை.

இன்னும் கேள். சபரிமலைக்கு மாலை போட்டிருந்த நம் கணேசனை எடுத்தேன். பாலியெஸ்டர் கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை. முக்கால்வாசிச் சாயம் அகச்சிவப்பில் நிற்காது. படத்தில் வெள்ளை வேட்டியோடு தேர்தலுக்கு நிற்கிற மாதிரி இருந்தான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன்.

சிரிக்காத ஒன்றும் நடந்தது. உன் தங்கச்சி பார்வதியைத் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி எடுத்தேன். துளசி வெள்ளையாகச் சுடர்விட, நல்ல படம் என்று கொண்டுபோய்க் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தாள். "பொட்டு எங்க?" என்றாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். காலையில் வைத்த குங்குமம், இத்தனை பெரிய வட்டம், சுத்தமாக இல்லை. நெற்றி வெறிச்சென்று இருந்தது. சிவப்பு இந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடும், தோலும் அனுப்பும், ரெண்டும் ஒன்றாகிவிடும் என்று நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். "நீங்க உயிரோட முன்னால நிக்கும்போதே என்னை இப்படி எடுத்து வச்சிருக்கீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ரெண்டு நாள் பேச்சில்லை. படத்தை அழித்துவிட்டேன். மூணாம் நாள் அவளே, "மை வச்சா தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும், மை கரிதானே, கரி எந்த வெளிச்சத்தையும் விடாது என்றேன். மைப்பொட்டு வைத்துக்கொண்டு வந்து நின்றாள். அந்தப் படம் இருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன். முகத்தில் கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பார்.

கரி நிற்கும் என்று தெரிந்ததும்தான் அம்மா கை நினைவுக்கு வந்தது.

அம்மாவின் இடது முழங்கைக்குக் கீழே பச்சை குத்தியிருப்பது உனக்குத் தெரியும், அதுவும் கரிதானே. சின்ன வயதில் நாம் அதைத் தேள் என்றும் தேர் என்றும் பந்தயம் கட்டுவோம். இப்போது தோல் சுருங்கி, புள்ளி விழுந்து, ஒரு பச்சைக் கறை என்று சொல்வதற்கு மேல் ஒன்றும் இல்லை. எகிப்தில் மூவாயிரம் வருஷத்துக்கு மேலான மம்மிகளின் தோலில் கண்ணுக்குத் தெரியாத பச்சையை இந்த மாதிரிக் கேமராவில்தான் கண்டுபிடித்தார்கள் என்று படித்திருந்தேன். அம்மாவை மம்மி ஆக்குகிறேன் என்று நினைத்துவிடாதே. திண்ணையில் வெயில் விழுகிற இடத்தில் கையை நீட்டச் சொன்னேன். காது கேட்காததால் கடிகாரம் கட்டப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

படத்தில் தோல் மெழுகு மாதிரி வெளுத்து, உள்ளே நரம்பு ஆற்றுக்கிளை மாதிரி ஓடுகிறது. அதன் மேல் கோலம், நேற்றுக் குத்தின மாதிரி. தேளும் இல்லை, தேரும் இல்லை. நாம் ரெண்டு பேருமே தோற்றோம். புள்ளிக்கோலம், ஐந்து புள்ளி நேர்வரிசை. மூணு பக்கம் கோடு சுற்றி வருகிறது. நாலாவது பக்கம் புள்ளி மட்டும் இருக்கிறது, கோடு இல்லை. படத்தை டிவியில் பெரிதாகப் போட்டு, காதுக்குள் கத்தி, ஏன் இந்தப் பக்கம் இல்லை என்று கேட்டேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "குறத்தி ஊசியை அழுத்திக் குத்துனா. நோவு தாங்காம எந்திரிச்சு ஓடிட்டேன். எங்கம்மா ஒரு படி நெல்லு பேசியிருந்தா, அரைப்படிதான் குடுத்தா" என்றாள். அப்புறம் திரையில் தெரிந்த அந்த இல்லாத கோட்டின் மேல் விரலை வைத்து, இப்படிப் போகணும் என்று இழுத்துக் காட்டினாள்.

அந்தப் படத்தின் ஃபைலையும் உன் பேரன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். கோயம்புத்தூரில் உனக்குத் தெரிந்த லேபில் கொடுத்து, மேட் பேப்பரில் பன்னிரண்டுக்குப் பத்து ஒன்று போட்டு அனுப்பு. காசைப் பிறகு பார்த்துக்கொள்வோம். ஒன்று மட்டும், கை அரிக்கிறது என்று பென்சிலை எடுத்து அந்த நாலாவது பக்கத்தை நீ முடித்துவைத்துவிடாதே.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. ஆவணியில் வருகிறாயா? வந்தால் ஒரு மணி வெயிலுக்குத் தயாராக வா.

உன்
சங்கரன்