அந்த மருந்தைப் போடாதே

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே உளுந்து பிடுங்கி முடித்தோம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறப்பார்களா, குறுவைக்கு நாற்று விடலாமா என்பதுதான் டீக்கடைப் பேச்சு.

சரி, உன் இறால் குட்டைக்கு வருகிறேன். இறாலுக்கு வந்த நோய்க்கென்று கடைக்காரர் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்தில் கலந்து போட்டால் அறுவடைக்குள் உடம்பை விட்டுப் போய்விடுமா என்று கேட்டிருந்தாய். போடாதே செல்வம்.

இறால் மீனைப்போல ஒரே வாயில் விழுங்காது. தீவனக் குச்சியைக் காலால் பிடித்து மெல்ல மெல்லக் கொறிக்கும். அதற்குள் மருந்தில் ஒரு பங்கு தண்ணீரில் கரைந்துவிடும். நோய் கண்டதோ தீவனத்தைத் தொடவே தொடாது. தீவனம் தின்கிறதா என்று பார்க்கத் தண்ணீரில் இறக்கும் தட்டு, அந்தச் செக் டிரேயில் மிஞ்சிக் கிடப்பதை நீயே பார்த்திருப்பாய். ஆக, மருந்தைத் தின்பதெல்லாம் திடமாக இருக்கிற இறால்தான்.

தின்றது குடலைத் தாண்டி, தலைக்குள் பழுப்பாக இருக்குமே, அந்தக் கல்லீரல்-கணையத்தில் போய்ச் சேரும். அங்கேதான் அதிகம் தேங்கும், உருவும் மாறும். என்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிவிடும், அதுவும் ஆன்டிபயாட்டிக்தான். செவுள் வழியாகவும், மீசையடியில் இருக்கிற கழிவுச் சுரப்பி வழியாகவும், மலத்தோடும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். சதையை விட்டுச் சீக்கிரம் போகும், கல்லீரல்-கணையத்தை விட்டு லேசில் போகாது. தண்ணீர் குளிர்ந்தால் இன்னும் தாமதம். அதனால் 'இத்தனை நாளில் போய்விடும்' என்று கடையில் சொல்வதை நம்பி அறுவடைத் தேதி குறிக்க முடியாது.

எனக்குப் பெரிய பயம் நைட்ரோஃபியூரான் வகை ஆன்டிபயாட்டிக்தான். தடை செய்த மருந்து, ஆனால் பெயரில்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று யார் கண்டது? மருந்து சில மணி நேரத்தில் காணாமல் போகும். அது உடைந்து உண்டாகும் துண்டுகள் சதையின் புரதத்தோடு பிணைந்து வாரக்கணக்கில் கிடக்கும், சமைத்தாலும் போகாது. ஆய்வகத்தில் தேடுவதும் அந்தத் துண்டுகளைத்தான். ஐரோப்பாவுக்குப் போன சரக்கு திரும்பி வருவது இப்படித்தான்.

அப்புறம், உன் குட்டையில் வந்திருப்பது வெள்ளைப்புள்ளி நோய் என்றால் அது வைரஸ். எந்த ஆன்டிபயாட்டிக்கும் அதைத் தொடாது. பணமும் போய், மிச்ச மருந்து சேற்றில் தங்கி, அங்குள்ள பாக்டீரியாவுக்குத்தான் மருந்து பழகி, பிறகு அதற்கு அடங்காமல் போகும். தண்ணீரை உப்பனாற்றில் திறந்தால் பக்கத்துக் குட்டைக்காரருக்கும் அதே கதி.

சோர்ந்து கரையோரம் ஒதுங்குகிற இறால் நாலைந்தை எத்தனாலில் போட்டு, முதலில் எந்தக் கிருமி என்று அதன் மரபணுவை வைத்துக் கண்டுபிடிக்கும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பு. அதுவரை தீவனத்தைக் குறை, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை நிறுத்தாதே, மதகைத் திறக்காதே. முடிவு வந்ததும் போன் பண்ணு, எந்நேரமானாலும் சரி.

அன்புடன்,
ராஜு