நித்யாவுக்குப் போடவேண்டிய ஊசி

அன்புள்ள கதிருக்கு,

நித்யாவுக்கு ஓ நெகட்டிவ் இரத்தம் என்பதால் 28-ஆவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போடச் சொல்கிறார்கள், குழந்தை நன்றாக இருக்கும்போது அது எதற்கு என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்கும் நெகட்டிவ்தான், உனக்கு அப்பாவைப் போலப் பாசிட்டிவ். 1989-இல் நீ பிறந்தபோது உன் இரத்தத்தில் சிறிது என்னுள் கலந்து, என் உடம்பு அதை அந்நியமென்று கண்டு எதிர்ப்பொருள்களை உண்டாக்கிக்கொண்டது. அதற்குள் நீ பிறந்துவிட்டதால் உனக்கு ஒன்றும் நேரவில்லை. 72 மணி நேரத்துக்குள் போடவேண்டிய இதே ஆன்டி-டி ஊசியைப் பிரசவம் பார்த்த இடத்தில் யாரும் போடவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து உன் தங்கை வயிற்றிலிருந்தபோது, அந்த எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து அவளுடைய சிவப்பணுக்களைச் சிதைத்தன. பிறந்த அன்று மாலையே அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. தொப்புள் வழியே ஊசிக்குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தை எடுப்பதும், அதே அளவு வேறு இரத்தத்தை ஏற்றுவதுமாக மருத்துவர் நெடுநேரம் குனிந்தே இருந்தார். பிழைத்துக்கொண்டாள். இதில் உன் குற்றம் எதுவுமில்லை, கண்ணா.

இரத்தத்தை நெகட்டிவ், பாசிட்டிவ் என்று பிரிக்கும் ஆர்எச் காரணியைப் பற்றி லேண்ட்ஸ்டெய்னர், வீனர் என்ற ஆய்வாளர்கள் 1940-இல் அறிவித்தார்கள். 1960-களில் நியூயார்க்கிலும் லிவர்பூலிலும் ஆய்வாளர்கள் அந்த எதிர்ப்பொருளையே தாய்க்கு ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். குழந்தையின் அணுக்களை அது முன்னதாகவே அகற்றிவிடுவதால், தாயின் உடம்பு தானாக எதிர்ப்பொருள் உண்டாக்குவதில்லை. 1968 முதல் அது மருந்தாகக் கிடைக்கிறது. கெடுத்த பொருளே காக்கவும் செய்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இம்மருந்தை, அந்த எதிர்ப்பொருள் உள்ள மனிதரின் பிளாஸ்மாவிலிருந்துதான், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்துதான், எடுக்கிறார்கள். நீ இருக்கும் ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர், 14 வயதில் நெஞ்சில் அறுவை செய்துகொண்டபோது பிறர் இரத்தத்தால் பிழைத்தவர், 1954 முதல் 2018 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை இரத்தமும் பிளாஸ்மாவும் கொடுத்தார். அதனால் பயன்பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 24 லட்சம் என்று சொல்கிறார்கள். ஊசி குத்துவதை மட்டும் அவர் ஒருநாளும் பார்த்ததில்லையாம்.

பிரசவமானதும் குழந்தையின் இரத்த வகையைக் கேட்டுக்கொள். பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் மறுபடியும் ஊசி போடவேண்டும். இடையில் நித்யா விழுந்தாலோ உதிரம் கண்டாலோ காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போ. இப்போது போடும் ஊசியின் தேதியை அட்டையில் எழுதச் சொல்லி, அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா